கணிப்பொறி நூலகமும் திருத்தம் சேராத ஏடும்

வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் வட்டி கணக்கிடும் சூத்திரம் ஒன்றை எழுதுகிறார். நாற்பது மாணவர்கள் அதைத் தத்தம் ஏட்டில் படியெடுத்துக்கொள்கிறார்கள். சூத்திரத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்பது ஆசிரியருக்கு மறுநாள்தான் தெரிகிறது. திருத்தி எழுதுகிறார், மாணவர்களும் திருத்திக்கொள்கிறார்கள். ஆனால் அன்று காய்ச்சலால் வகுப்புக்கு வராத ஒரு மாணவனின் ஏட்டில் பழைய சூத்திரமே இருக்கிறது. அவன் கணக்கில் கெட்டிக்காரன். தேர்வில் அந்தச் சூத்திரத்தைச் சிறிதும் பிசகாமல் பயன்படுத்தி, தவறான விடையை எழுதிவிட்டு வருவான்.

இதே நிகழ்ச்சி வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் உள்ள கணிப்பொறிகளுக்குள் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், அமெரிக்காவின் பங்குத் தரகு நிறுவனம் ஒன்று 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டுக் கணிப்பொறிகளில் ஒன்றுக்கு மட்டும் திருத்தம் போய்ச் சேராததே அதற்குத் தொடக்கம். அது எப்படி நடந்தது என்று பார்க்குமுன், கணிப்பொறிக்குள் இருக்கும் ‘நூலகம்’ என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம்.

இரும்பு அலமாரியில் ஒரு நூலகம்

கணிப்பொறிக்கு நாம் தரும் கட்டளைகளின் வரிசையே நிரல், அதாவது புரோகிராம். 1949 மே மாதம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணிப்பொறி வேலை செய்யத் தொடங்கியது. அதற்குரிய நிரல்களைக் காகித நாடாவில் துளைகளாகப் பதித்தார்கள். விரைவிலேயே அங்கிருந்த அறிஞர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். வர்க்கமூலம் காண்பது, விடையை அச்சிடுவது போன்ற வேலைகள் எல்லா நிரல்களிலும் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொருவரும் அவற்றைப் புதிதாக எழுதுவானேன்? ஒருமுறை நன்றாக எழுதி, சோதித்து, பொதுவில் வைத்தால் என்ன?

அப்படியே செய்தார்கள். இந்தத் துணைநிரல்களின் நாடாக்களை ஓர் இரும்பு அலமாரியின் அறைகளில் வகைப்படுத்தி வைத்தார்கள். வேண்டியவர் உரிய நாடாவை எடுத்து, எந்திரத்தின் உதவியால் தம் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, மூல நாடாவைத் திரும்ப வைத்துவிட வேண்டும். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் இம்முறையை விளக்கி 1951இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இன்று நிரலர்கள் பேசும் ‘நூலகம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையாகவே ஓர் அலமாரி இருந்தது!

இதில் ஒரு சிக்கலும் அன்றே பிறந்துவிட்டது. அலமாரியில் உள்ள நாடாவில் ஒரு பிழையைத் திருத்தினால், ஏற்கெனவே படியெடுத்துச் சென்றவர்களின் நாடாக்கள் தாமாகத் திருந்திவிடுமா? திருந்தா.

படியெடுத்தலும் அழைத்தலும்

1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் கூடிய ஒரு குழு, வாணிபக் கணக்குகளுக்கென்று ஒரு பொது மொழியை உருவாக்க முனைந்தது. நம் ஊர்ப் பெயர் போல ஒலிக்கும் ‘கோபால்’ என்பதே அந்த மொழி. அதே ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ‘ஆர்.பி.ஜி.’ என்ற மொழியைக் கொண்டுவந்தது. பல நிறுவனங்களின் சம்பளப் பட்டியலும் கடன் கணக்கும் இன்றும் இவ்விரு மொழிகளில் எழுதிய நிரல்களால் நடக்கின்றன. இவற்றில் சில, எழுதியவர் ஓய்வு பெற்ற பின்னும் ஓய்வின்றி உழைப்பவை.

இம்மொழிகளில் பொதுவான பகுதியைப் பகிர்ந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி படியெடுத்தல். கோபாலில் ‘காப்பி’ என்றொரு கட்டளை இருக்கிறது. ‘வாடிக்கையாளர் பதிவு என்ற ஏட்டைக் காப்பி செய்’ என்று எழுதினால், நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் வேளையில் அந்த ஏட்டின் வரிகள் முழுவதும் நிரலுக்குள் வந்து அமர்ந்துவிடும். இவ்வாறு பொதுவில் வைக்கும் ஏட்டை நிரலர்கள் ‘காப்பிபுக்’ என்பார்கள். மாணவர்கள் தம் ஏட்டில் எழுதிக்கொள்வதைப் போன்றது இது. அதன் பிறகு மூல ஏட்டில் என்ன மாற்றம் செய்தாலும், மறுபடி மொழிமாற்றம் செய்யும்வரை அந்த நிரலுக்கு அது தெரியாது.

இரண்டாம் வழி அழைத்தல். வட்டி கணக்கிடும் துணைநிரல் தனியே ஓரிடத்தில் இருக்கும். மற்ற நிரல்கள் ஓடும்போது தேவையான நேரத்தில் அதை அழைத்து விடையைப் பெற்றுக்கொள்ளும். இது கரும்பலகையை நேரே பார்த்துக் கணக்குப் போடுவது போன்றது. ஓரிடத்தில் திருத்தினால் எல்லாருக்கும் திருத்தம் கிடைக்கும்.

அப்படியானால் இரண்டாம் வழியே சிறந்தது என்று நீங்கள் சொல்லக்கூடும். சற்றுப் பொறுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் தவறாக ஒன்றை எழுதிவிட்டால், அந்தக் கணமே நாற்பது பேருக்கும் தவறு போய்ச் சேரும். முதல் வழியில் திருத்தம் எல்லாரையும் அடையாது. இரண்டாம் வழியில் பிழையும் எல்லாரையும் அடையும். ஆகவே எந்த வழியானாலும், பொதுவான ஒன்றை மாற்றுகிறவர் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்றே: ‘இதை நம்பியிருப்பவர் யார் யார்?’

எண்பது கட்டங்கள்

இந்த நம்பிக்கை எவ்வளவு நுட்பமானது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. ஒரு வங்கி வாடிக்கையாளரின் விவரத்தை 80 கட்டங்களில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 1 முதல் 8 வரை கணக்கு எண். 9 முதல் 28 வரை பெயர். 29 முதல் 37 வரை இருப்புத் தொகை. அதில் கடைசி இரண்டு கட்டங்கள் சென்ட். 38 முதல் 80 வரை வெற்றிடம்.

நாம் படிக்கும்போது ‘இது பெயர், இது தொகை’ என்று பொருளைப் பார்த்து அறிகிறோம். இத்தகைய பதிவைப் படிக்கும் கணிப்பொறி அப்படி அறிவதில்லை. ‘29ஆம் கட்டத்திலிருந்து ஒன்பது கட்டங்களை எடு, அது தொகை’ என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இந்த இட அமைப்பைத்தான் காப்பிபுக் சொல்கிறது.

ஒருநாள் பெயருக்கு 20 கட்டங்கள் போதவில்லை என்று 30 ஆக்குகிறார்கள். பெயர் இப்போது 38 வரை நீள்கிறது. தொகை 39ஆம் கட்டத்துக்கு நகர்கிறது. கோப்புகளையும் புதிய அமைப்புக்கு மாற்றியாயிற்று. இந்த ஏட்டைப் பயன்படுத்தும் ஐம்பது நிரல்களில் 49ஐ மறுபடி மொழிமாற்றம் செய்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே ஒருமுறை, டிசம்பர் 31 இரவில் மட்டும் ஓடும் நிரல் ஒன்று விட்டுப்போகிறது. அதுதான் அன்று வகுப்புக்கு வராத மாணவன்.

டிசம்பர் 31 வருகிறது. அந்த நிரல் வழக்கம்போல் 29ஆம் கட்டத்தில் தொகையைத் தேடுகிறது. அங்கே இருப்பதோ பெயரின் கடைசிப் பகுதி. இப்போது இரண்டில் ஒன்று நடக்கும். ‘எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இல்லை’ என்று கணிப்பொறி நின்றுவிடலாம். நள்ளிரவில் யாரையாவது எழுப்ப வேண்டியிருக்கும். ஆனால் கெடுதல் அதோடு முடிந்தது.

மற்றது, நிற்காமல் ஓடுவது. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளின் எழுத்துக்குறி முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றின் பின்பாதியும் ஓர் இலக்கமாகும். ‘ஏ’யின் பின்பாதி 1, ‘சி’யின் பின்பாதி 3, ‘டி’யின் பின்பாதி 4, வெற்றிடத்தின் பின்பாதி 0. சில நிரல்களில் முன்பாதி கவனிக்கப்படாமல் போய்விடுவதுண்டு. அப்போது 20 எழுத்துக்குள் அடங்கும் பெயருடையவரின் இருப்பு சுழியமாகிவிடும். நீண்ட பெயருடைய ஒருவருக்கு, 21ஆம் எழுத்திலிருந்து சி, ஏ, டி, ஏ என்ற நான்கு எழுத்துகள் எஞ்சி நின்றால், அவை 3, 1, 4, 1 என்று படிக்கப்பட்டு, பின்னால் ஐந்து சுழியங்களுடன் 31,41,000 டாலர் இருப்பாக ஆகிவிடும்! பெயரின் நீளம் பணமாக மாறும் விந்தை இது. நின்றுபோகும் பிழையைவிட நிற்காத பிழையே அஞ்சத்தக்கது.

இதைத் தவிர்க்கப் பழைய நிரலர்கள் ஓர் எளிய உபாயம் வைத்திருந்தார்கள். பதிவின் கடைசியில் இருக்கும் வெற்றிடம் வீணாக விடப்பட்டதன்று. வருங்காலத்துக்காக ஒதுக்கி வைத்தது. பெயரை நடுவில் நீட்டாமல், ‘பெயரின் தொடர்ச்சி’ என்று 38 முதல் 47 வரையுள்ள கட்டங்களை எடுத்துக்கொண்டிருந்தால், தொகை தன் இடத்திலேயே இருந்திருக்கும். பழைய நிரலும் தவறின்றி ஓடியிருக்கும். பெயரின் வால் மட்டும் அதற்குத் தெரிந்திராது. ‘இருப்பதை நகர்த்தாதே, புதியதைக் கடைசியில் சேர்’ என்பதே இந்தத் தொழிலின் பழைய பாடம்.

அடையாளம் கேட்கும் கணிப்பொறி

மனிதர் மறக்கக்கூடியவர். ஐம்பதில் ஒன்று விட்டுப்போனதைக் கணிப்பொறியே கண்டுபிடித்துச் சொல்லக்கூடாதா? ஐ.பி.எம். 1978இல் அறிவித்த சிஸ்டம்/38, 1988இல் அறிவித்த ஏ.எஸ்./400 ஆகிய கணிப்பொறிகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. கோப்பின் அமைப்பிலிருந்து, அதாவது எந்தப் புலம், எந்த வரிசை, எவ்வளவு நீளம் என்பவற்றிலிருந்து, கணிப்பொறி ஓர் அடையாளக் குறியைக் கணக்கிட்டு வைக்கும். நிரலை மொழிமாற்றம் செய்யும்போது அந்தக் குறி நிரலுக்குள்ளும் பதியும். பின்னர் நிரல் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு குறிகளும் ஒப்பிடப்படும். ஒத்துவராவிட்டால் கோப்பு திறக்காது. நம் டிசம்பர் நிரல் அங்கே ஓடியிருந்தால் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டிருக்கும்.

1990களில் இதே எண்ணம் பொதுத் துணைநிரல்களுக்கும் விரிந்தது. பல துணைநிரல்களை ஒன்றாகக் கட்டிய ஒரு தொகுப்புக்கு ‘சர்வீஸ் புரோகிராம்’ என்று பெயர். அது வெளியாருக்குத் தரும் துணைநிரல்களின் பெயர்களையும் வரிசையையும் கொண்டு ஒரு ‘கையொப்பம்’ உருவாகிறது. அதைப் பயன்படுத்தும் நிரல், தனக்குத் தெரிந்த கையொப்பத்தைக் கொண்டுவர வேண்டும். தொகுப்பு தன் தற்போதைய கையொப்பத்தோடு முந்தைய கையொப்பங்களையும் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். பழைய நிரல் பழைய கையொப்பத்தோடு வந்தாலும் ‘உன்னையும் அறிவேன்’ என்று உள்ளே விடும். ஆனால் ஒரு நிபந்தனை. நிரல்கள் துணைநிரலை ‘இரண்டாவது, ஐந்தாவது’ என்று வரிசை எண்ணால் நினைவில் வைத்திருக்கும். ஆகவே புதிய துணைநிரலைப் பட்டியலின் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். நடுவில் செருகிவிட்டு, பழைய கையொப்பத்தையும் ஏற்கச் சொன்னால், வட்டியைக் கேட்டவனுக்கு அபராதத்தைக் கணக்கிட்டுத் தந்துவிடும். துளை அட்டைக் காலத்துப் பாடம் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

இந்தக் காவலுக்கும் எல்லைகள் உண்டு. கையொப்பம் பெயரையும் வரிசையையும் மட்டுமே காக்கும், பொருளைக் காக்காது. ஆண்டு வட்டி தந்துகொண்டிருந்த துணைநிரலை, பெயர் மாற்றாமல் மாத வட்டி தருமாறு மாற்றி எழுதினால், கையொப்பம் மாறாது, விடை மாறும். மேலும், கோப்பின் அடையாளச் சோதனையே வேண்டாம் என்று கட்டளையிடவும் வழி இருக்கிறது. அவசரத்தில் ‘இப்போதைக்கு’ என்று அணைத்துவிட்டு மறந்துபோனால், டிசம்பர் இரவுக்குத் தடுப்பு ஏதும் இல்லை.

ஆளுக்கொரு விதி

நூலகமே வேண்டாம், அவரவர் நிரலை அவரவர் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன? அதன் விளைவை 2000ஆம் ஆண்டை ஒட்டி உலகம் பார்த்தது. இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதிவைத்த நிரல்கள் ஏராளம். ‘00’ என்பது 1900ஆ, 2000ஆ? ஒவ்வொரு நிரலிலும் தேதிக் கணக்கைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டியிருந்தது. இப்பணியில் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களின் நிரலர்கள் பெரும் பங்கேற்றார்கள். சில இடங்களில் ஓடிக்கொண்டிருந்த நிரலின் மூல வடிவமே காணாமல் போயிருந்தது.

பலர் இரண்டு இலக்கத்தை விட்டுவிட்டு, அதற்கு ஒரு விதியை மட்டும் எழுதினார்கள். ஏ.எஸ்./400இன் ஆர்.பி.ஜி. மொழியில் 40 முதல் 99 வரை 1900கள், 00 முதல் 39 வரை 2000கள். ஐ.பி.எம். பெருங்கணிப்பொறியின் தேதித் துணைநிரல்களிலோ, இயல்பான ஏற்பாட்டின்படி, அன்றைய நாளுக்கு 80 ஆண்டு முன்னதாகத் தொடங்கும் நூறு ஆண்டுகளே கணக்கு. 2000ஆம் ஆண்டில் ஒருவர் 25 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் முடியும் ஆண்டு ‘25’. முதல் விதிப்படி அது 2025. இரண்டாம் விதிப்படி 1925! இரண்டு விதிகளும் தனித்தனியே சரியானவைதாம். ஒரே கடனை இரண்டும் தொடும்போதுதான் தொல்லை. தேதிக் கணக்கு ஒரே பொது நூலகத்தில் இருக்க வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும்.

எட்டாவது கணிப்பொறி

இனி, தொடக்கத்தில் சொன்ன நிகழ்ச்சிக்கு வருவோம். அந்த நிறுவனத்தின் பெயர் நைட் கேப்பிடல். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013இல் வெளியிட்ட உத்தரவில் இதன் விவரம் முழுவதும் இருக்கிறது.

பங்கு வாங்கும், விற்கும் ஆணைகளைச் சந்தைக்கு அனுப்பும் அதன் நிரல் எட்டு செர்வர் கணிப்பொறிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ‘பவர் பெக்’ என்ற பழைய பகுதி ஒன்றும் இருந்தது. 2003லேயே அதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிரலிலிருந்து நீக்கவில்லை. ‘கேட்ட அளவு வாங்கியாயிற்று, போதும்’ என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் பகுதியை 2005இல் வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதன் பின் பவர் பெக் சரியாக இயங்குமா என்று சோதிக்கவில்லை. பயன்படாத ஒன்றை யார் சோதிப்பார்கள்?

2012இல் ஒரு புதிய சேவைக்காக நிரலை மாற்றினார்கள். பவர் பெக்கை இயக்குவதற்கென இருந்த பழைய கொடி அடையாளத்தையே புதிய பகுதிக்கு ஒதுக்கினார்கள். ஏழு கணிப்பொறிகளில் புதிய நிரல் ஏறியது, எட்டாவதில் ஏறவில்லை. எட்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. ஆகஸ்டு 1 காலை சந்தை திறந்தது. ஒரே கொடியை ஏழு கணிப்பொறிகள் புதிய சேவை என்று புரிந்துகொண்டன. எட்டாவது, ஒன்பது ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்த பவர் பெக்கை எழுப்பிவிட்டது. போதும் என்று சொல்ல ஆளில்லாததால் அது ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள்!

இதைவிடக் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. கோளாறு புதிய நிரலில்தான் என்று எண்ணி, சரியாக வேலை செய்துகொண்டிருந்த ஏழு கணிப்பொறிகளிலிருந்தும் அதை நீக்கினார்கள். இப்போது அவற்றிலும் பழைய நிரல். எனவே அங்கும் பவர் பெக் எழுந்துகொண்டது. நிலைமை மேலும் மோசமாயிற்று. எந்தக் கணிப்பொறியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்திருந்தால் இழப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் மற்றொரு நிறுவனத்துடன் இணைந்துபோயிற்று.

பதிப்பு எண் என்னும் முகவரி

ஒரு நூலை வாங்கும்போது ‘மூன்றாம் பதிப்பு, திருத்தியது’ என்று பார்க்கிறோம் அல்லவா? துணைநிரலுக்கும் அப்படியே. இன்று பலர் புள்ளியிட்ட மூன்று எண்களால் பதிப்பைக் குறிக்கிறார்கள். பிழை மட்டும் திருத்தினால் கடைசி எண் கூடும். பழையதைக் குலைக்காமல் புதிய வசதி சேர்த்தால் நடு எண் கூடும். பழைய நிரல்கள் இனி ஒத்துவரா என்னும்படி மாற்றினால் முதல் எண் கூடும். 2.4.1 என்பது 2.4.2 ஆனால் அச்சம் குறைவு, 3.0.0 ஆனால் நின்று பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

எண் மட்டும் இட்டால் போதாது. மூல நிரல்களையும் அவற்றின் பழைய பதிப்புகளையும் காத்துவைக்கப் பெருங்கணிப்பொறி நிலையங்களில் பான்வாலெட், லைப்ரேரியன், எண்டெவர் போன்ற கருவிகள் வந்தன. எது மாறியது, எப்போது, யாரால் என்பது அவற்றில் பதிவாகும். பொது ஏட்டை மாற்றுமுன் அதை எடுத்தாளும் நிரல்கள் அனைத்தையும் பட்டியலிடுவது, ஆண்டுக்கு ஒருமுறை ஓடுவதையும் அதில் சேர்ப்பது, மாற்றியபின் எல்லா இடத்திலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று வேறொருவர் பார்ப்பது, பயன்படாத பகுதியை அடியோடு நீக்குவது ஆகியவை நல்ல நிலையங்களின் நடைமுறை. இவற்றில் எதற்கும் உயர்ந்த கணிதம் தேவையில்லை. பலசரக்குக் கடையின் இருப்புப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுகிற பொறுமை போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

கட்டமிட்ட தாளில் 20 கட்டங்கள் கொண்ட வரிசைகள் வரையுங்கள். 1 முதல் 4 வரை வரிசை எண், 5 முதல் 14 வரை பெயர், 15 முதல் 17 வரை மதிப்பெண், 18 முதல் 20 வரை வெற்றிடம். கட்டத்துக்கு ஓர் எழுத்தாக ஐந்து நண்பர்களின் விவரத்தை எழுதுங்கள். கட்ட எண்களை மட்டும் சொல்லி, மதிப்பெண்களைக் கூட்டுமாறு ஒரு நண்பரிடம் தாருங்கள். பிறகு பெயரை 17ஆம் கட்டம் வரை நீட்டி, மதிப்பெண்ணை 18ஆம் கட்டத்துக்கு நகர்த்திய புதிய தாளை, ஒன்றும் சொல்லாமல் அவரிடமே கொடுங்கள். மூன்றாவதாக, மதிப்பெண்ணை அசைக்காமல், பெயரின் எஞ்சிய எழுத்துகளைக் கடைசி வெற்றிடத்தில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாம் தாளைக் கண்டதும் உங்கள் நண்பர், “என்ன இது, மதிப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறதே!” என்று கேட்பார். கணிப்பொறி கேட்காது. அது கேட்கவேண்டியதை நாம்தான் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.